சில்வர் சர்ஃபரின் இரண்டு பிறப்புகள்

அன்புள்ள ஐயா,

2025-இல் வந்த ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்: ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்’ படத்தை மகனோடு பார்த்தேன். அதில், பலகைமேல் விண்வெளியில் பறக்கும் வெள்ளி உடல் பாத்திரமான சில்வர் சர்ஃபர் ஒரு பெண். அசல் சர்ஃபர் நோரின் ராட் என்ற ஆண் என்று என் மகன் அடித்துச் சொல்கிறான். உண்மையா? சர்ஃபரின் சக்திக்கு எல்லை உண்டா? இடிக் கடவுள் தோருடன் மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்றும் கேட்கச் சொன்னான்.

ர.

அன்புள்ள ர.,

காமிக்ஸைப் பொறுத்தவரை மகன் சொல்வது சரி. படத்தில் வரும் ஷல்லா-பால், காமிக்ஸில் நோரின் ராடின் காதலி.

ஆனால் அசல் என்று பார்த்தால் நோரின் ராடும் பிறகு வந்தவன்தான். 1966 மார்ச் தேதியிட்ட ஃபென்டாஸ்டிக் ஃபோர் 48-ஆம் இதழில் சர்ஃபர் முதலில் வந்தபோது அவனுக்கு ஊர், பழைய பெயர், காதலி எதுவும் கிடையாது. கிரகங்களை விழுங்கி வாழும் கேலக்டஸின் கதையை எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஜாக் கிர்பியும் பேசி வைத்திருந்தார்கள். கிர்பி வரைந்து கொண்டுவந்த பக்கங்களில், பேச்சில் வராத ஒருவன் பலகைமேல் பறந்துகொண்டிருந்தான். அவ்வளவு பெரிய ஆளுக்கு முன்னால் போய் இரை தேட ஒரு தூதன் வேண்டாமா என்பது கிர்பியின் கணக்கு. விண்கலம் வரைந்து அலுத்துப்போனதால்தான் சர்ஃப் பலகையாம்!

அந்தக் கதையில் சர்ஃபர் கொடியவன் அல்ல. உயிரின் அருமையே தெரியாதவன். பார்வையற்ற சிற்பி அலீஷியா மாஸ்டர்ஸ் பேசப் பேச அவனுக்குள் ஏதோ அசைகிறது, எஜமானையே எதிர்க்கிறான். தண்டனையாக, பூமியை விட்டுப் போகமுடியாதபடி கண்ணுக்குத் தெரியாத ஒரு தடுப்பைப் போட்டுவிடுகிறார் கேலக்டஸ்.

1968-இல் சர்ஃபருக்குத் தனி இதழ் வந்தது. வரைந்தவர் ஜான் புசெமா, கிர்பி அல்ல. சர்ஃபர் கேலக்டஸால் ஆற்றலிலிருந்தே உருவாக்கப்பட்டவன் என்று கிர்பி மனதில் வைத்திருந்தார். லீ வேறு கதை எழுதினார்: எல்லா வசதியும் நிறைந்த ஜென்-லா கிரகத்தில் சலித்துப்போய் வாழும் நோரின் ராட், கேலக்டஸ் வந்ததும் ஊரைக் காப்பாற்றத் தன்னையே தூதனாகக் கொடுக்கிறான்.

உருக்கமான கதைதான். ஆனால் சொந்த ஊருக்காகத் தன்னையே கொடுத்தவன், அடுத்தவன் ஊரை எப்படிக் காட்டிக்கொடுப்பான்? உயிரின் அருமையை அலீஷியா சொல்லித்தான் அவனுக்குத் தெரியவேண்டுமா? கேலக்டஸ் அவன் மனதையே மாற்றிவைத்திருந்தார் என்று பின்னால் வந்தவர்கள் ஒட்டுப்போட்டார்கள். என் ஓட்டு கிர்பிக்கு.

சக்திக்கு வருகிறேன். கேலக்டஸ் கொடுத்த காஸ்மிக் ஆற்றல் அது. ஒளியைவிட வேகமாகப் போவான். சாப்பாடு, மூச்சு, தூக்கம் எதுவும் வேண்டாம். ஒரு பொருளை இன்னொன்றாக மாற்றுவான். நட்சத்திரங்களின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்வான். பலகை அவன் நினைத்தால் வந்து நிற்கும். எல்லை? இரவல் சக்தி என்பதுதான். வில்லன் டாக்டர் டூம் ஒருமுறை அதைத் திருடிக்கொண்டு பெரிய ஆட்டம் போட்டான். கடைசியில் கேலக்டஸ் பூமிக்குப் போட்ட அதே தடுப்பில் முட்டி விழுந்தான்.

அப்புறம் தோர். 1969-இல் வந்த, சர்ஃபரின் தனி வரிசையின் நான்காம் இதழிலேயே இருவரும் மோதிவிட்டார்கள். சர்ஃபரை ஏமாற்றி அனுப்பிய, தோரின் வளர்ப்புத் தம்பி லோகி, அவனுக்குத் தெரியாமல் கூடுதல் பலத்தையும் ஏற்றிவிட்டான். அதனால் அதை நேர்மையான சண்டையாக எண்ணமுடியாது. அந்த இதழ் கிடைத்தால் மகனுக்கு வாங்கிக் கொடுங்கள். புசெமா வரைந்ததில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.