கழற்றியதை எண்ணி வையுங்கள்: வாசகர் கேள்வி-பதில்

(இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ரவுட்டர் பற்றியவை. இடம் கருதிச் சுருக்கியிருக்கிறோம்.)

கேள்வி: எங்கள் லாட்ஜில் மூன்று மாடிக்கும் வைஃபை கொடுக்க, கம்பெனியில் ஓடிய பழைய ரவுட்டர் ஒன்றைச் சென்னையிலிருந்து வாங்கினேன். மாட்ட வந்த ஆள், "ரொம்பக் கனம், உள்ளே உள்ளதைக் கழற்றினால்தான் ரேக்கில் ஏற்ற முடியும். கழற்றி வையுங்க, நாளைக்கு வர்றேன்" என்று போய்விட்டார். நானே கழற்றலாமா?
– லாட்ஜ் நடத்துபவர், ராமேஸ்வரம்

பதில்: அவர் சொன்னது சரி. வேலையை உங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனதுதான் சரியில்லை. ரேக்கில் (கருவிகளை அடுக்கும் இரும்புச் சட்டம்) மாட்டும் பெரிய ரவுட்டர்களில் பவர் சப்ளை, ஃபேன் தட்டு, கார்டுகள் (ஒயர் செருகும் சர்க்யூட் தட்டுகள்) எல்லாம் கழற்றி மாட்டுவதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றை எடுத்துவிட்டால் கூடு இலேசாகிவிடும். பதற்றப்படாமல் செய்தால் உங்களாலும் முடியும்.

முதலில் சுவிட்சை அணைத்து, சுவரிலிருந்து ஒயரை உருவுங்கள். பவர் சப்ளை இரண்டு இருந்தால் ஒயரும் இரண்டு இருக்கும். ஒன்றை மட்டும் உருவிவிட்டுக் கை வைக்காதீர்கள், மற்றொன்றில் பெட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். பிறகு செல்போனில் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுங்கள். எந்தக் கார்டு எந்தத் துவாரத்தில் இருந்தது என்று டேப் ஒட்டி எண் போடுங்கள்.

கையில் ஆன்டி-ஸ்டேடிக் பட்டை (உடம்பில் சேரும் ஸ்டேடிக் மின்சாரத்தை வடிக்கும் பட்டை) கட்டி, அதன் கிளிப்பைப் பெயின்ட் இல்லாத வெற்று இரும்பில் மாட்டுங்கள். கடல் காற்றில் ஈரம் இருப்பதால் இங்கே ஸ்டேடிக் வராது என்று சொல்பவர்கள் உண்டு. ஏசி போட்ட அறையில் அந்தக் கணக்கு செல்லாது. நமக்குச் சுரீர் என்று உறைக்காத அளவு மின்சாரமே சில்லைக் கெடுக்கப் போதும்.

ஃபைபர் செருகும் சின்ன மாட்யூல்களை முதலில் எடுத்து, அதற்குரிய ரப்பர் மூடியைப் போடுங்கள். அடுத்து கார்டுகள். இரண்டு பக்க ஸ்க்ரூவையும் தளர்த்தினால் போதும். பெரும்பாலும் அவை கார்டோடு ஒட்டியே நிற்கும், தனியே வராது. நெம்புகோல் இருந்தால் அதை விலக்கி, நேராக இழுங்கள். ஓரத்தைப் பிடியுங்கள், தங்க நிறக் கால்களைத் தொடாதீர்கள். கழற்றியது ஆன்டி-ஸ்டேடிக் பைக்குள் போக வேண்டும். பாலிதீன் பை, தெர்மகோல் இரண்டும் கூடாது, ஸ்டேடிக்கை உண்டாக்குவதே அவைதான். ஃபேன் சுற்றி நின்ற பிறகே தட்டை உருவுங்கள். பவர் சப்ளையை ஒரு கையால் இழுக்கும்போது மறு கை அடியில் இருக்கட்டும். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். ஒயரை உருவிய பிறகும் உள்ளே கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

கூட்டை இரண்டு பேர் பக்கவாட்டில் பிடித்துத் தூக்க வேண்டும். பவர் சப்ளை, ஃபேன் தட்டு இவற்றின் கைப்பிடிகள் அவற்றை உருவுவதற்கு மட்டும்தான். அதைப் பிடித்து மொத்தப் பெட்டியையும் தூக்கினால் கைப்பிடி கையிலும் பெட்டி காலிலும் இருக்கும். ரேக் காலியாக இருந்தால் கனமானதை அடித்தட்டில் வையுங்கள்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. கழற்றும் அந்த நேரம்தான் வாங்கிய சரக்கைப் பார்க்கக் கிடைக்கும் ஒரே நல்ல நேரம். ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணும் பில்லில் உள்ளதும் ஒன்றா? பவர் சப்ளை இரண்டும் ஒரே மாதிரியா? கார்டின் கால்களில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா? இதையெல்லாம் காசு கொடுக்கும் முன்பே பார்த்திருக்க வேண்டும். லாட்ஜ் தொழிலுக்காக வாங்கிய பொருள் என்பதால், நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் "வணிக நோக்கத்துக்கு வாங்கியது" என்று எதிர்த்தரப்பு வாதாடும். அந்த வாதத்துக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

கேள்வி: ரவுட்டரில் ஒரு துவாரம் திறந்தே இருக்கிறது. கேட்டால், "அங்கே ஒன்றும் மாட்டவில்லை, திறந்திருந்தால் காற்றோட்டம்தானே" என்கிறார் கடைக்காரர். உண்மையா?
– கம்ப்யூட்டர் சென்டர் நடத்துபவர், உச்சிப்புளி

பதில்: பொய். இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது.

காலித் துவாரத்துக்கு ஒரு வெற்றுத் தகடு உண்டு. பெட்டியோடு வந்ததுதான். கார்டைத் தனியாக விற்றவர், தகட்டைத் திரும்ப மாட்டச் சோம்பல்பட்டு எங்கோ எறிந்திருக்கிறார். அந்தத் தகடு அழகுக்கு வைத்ததில்லை. ஃபேன் இழுக்கும் காற்று கார்டுகளின் மேல் ஓடி, சூட்டை எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டும் என்பது ஏற்பாடு. நடுவில் ஒரு துவாரம் திறந்திருந்தால் காற்று சுலபமான வழியில் புகுந்து அப்படியே போய்விடும், உள்ளே இருக்கும் கார்டு வேகும். உறிஞ்சுகுழலில் ஓட்டை விழுந்தால் இளநீர் வாய்க்கு வருமா?

இது மதுரையிலும் பிரச்சினைதான். நம் கரையில் இரட்டிப்புப் பிரச்சினை. தொண்டியிலிருந்து தனுஷ்கோடி வரை காற்றில் உப்பு இருக்கிறது. ஜன்னல் கம்பியையே தின்கிற காற்று அது. உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதன் மேல் மின்சாரம் ஓடும்போது செம்பு அரிக்கும். தகடு இல்லாத துவாரம் இதற்கு விரித்து வைத்த பாய். நானும் ஒருமுறை மலிவு என்று தகடு இல்லாத ஒரு பெட்டியை வாங்கி, கடல் பார்த்த அறையில் வைத்தேன். அது இப்போது அலமாரிக் கதவு ஆடாமல் இருக்க முட்டுக் கொடுக்கிறது.

கடைக்காரரிடம் தகட்டைக் கேட்டு வாங்குங்கள். அட்டையை வெட்டி ஒட்டாதீர்கள், அது ஈரத்தைக் குடிக்கும். கடல் பக்க ஜன்னலை விட்டு ரேக்கைத் தள்ளி வையுங்கள்.

கேள்வி: ரவுட்டர் அடாப்டர் தொலைந்துவிட்டது. பழைய லேப்டாப் சார்ஜர் பொருந்துகிறது. போடலாமா?
– தொண்டி வாசகர்

பதில்: பொருந்துவது முனை மட்டும்தான். லேப்டாப் சார்ஜர் பெரும்பாலும் 19 வோல்ட், வீட்டு ரவுட்டர் பெரும்பாலும் 12 வோல்ட். வோல்ட் ஒன்றாக, ஆம்பியர் சமமாக அல்லது கூடுதலாக, முனையின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்ற குறி ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றும் ஸ்டிக்கரிலேயே இருக்கின்றன. படித்திருக்கலாம்.

கேள்வி: மச்சான் துபாயிலிருந்து விலை கூடிய ரவுட்டர் ஒன்று கொண்டுவந்தார். இங்கே ஃபைபர் கம்பெனிக்காரர் அதை ஏற்கவில்லை. அதன் உள்ளே இருக்கும் பார்ட்ஸைக் கழற்றி இங்குள்ள ரவுட்டரில் போட முடியுமா?
– கீழக்கரை வாசகர்

பதில்: முடியாது. வீட்டு ரவுட்டரில் எல்லாமே ஒரே போர்டில் சால்டர் செய்யப்பட்டவை. கழற்ற அங்கே ஒன்றும் இல்லை, உடைக்கத்தான் இருக்கிறது. அங்குள்ள கம்பெனி இனாமாகக் கொடுத்த பெட்டி என்றால் வேறு கம்பெனி இணைப்பில் ஓடாதபடி அவர்கள் போட்ட பூட்டும் கூடவே வந்திருக்கும். கடையில் வாங்கியது என்றால், இங்குள்ள ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் லேன் ஒயரில் இணைத்து வைஃபைக்கு மட்டும் பயன்படுத்திப் பாருங்கள். அந்த மூன்று தட்டைக் கால் பிளக்கை ஆடுகிற கன்வெர்ட்டரில் செருகாதீர்கள், பொறி பறக்கும். மச்சானிடம் அடுத்த முறை பேரீச்சம்பழம் கேளுங்கள்.

கேள்வி: இ-சேவை மையம் வைத்துப் பிழைக்கிறேன். ரவுட்டரை சர்வீசுக்குக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது உள்ளே இருந்த ஃபைபர் மாட்யூல் இல்லை. "நீங்க கொடுக்கும்போதே இல்லைம்மா" என்கிறார்கள். 1,800 ரூபாய் வாங்கியதற்கு பில்லும் தரவில்லை.
– வாசகி, தேவிபட்டினம்

பதில்: மனசு சங்கடப்படுகிறது அம்மா. உங்கள் மேல் தப்பில்லை. நம்பிக் கொடுத்த பொருளில் கை வைத்திருக்கிறார்கள்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பில் தராததே முறையற்ற வணிகம் என்று எழுதியிருக்கிறது. "தொழிலுக்கு வைத்திருப்பது" என்று அவர்கள் தட்டிக்கழிக்கவும் முடியாது. சுயதொழிலில் பிழைப்பவரை அந்தச் சட்டம் நுகர்வோர் என்றே ஏற்கிறது. கொடுத்த தேதி, பணம் அனுப்பிய செல்போன் பதிவு, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, 2 ஆண்டு அவகாசம் உண்டு. மனு எழுதத் தயக்கம் இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து எழுதுவோம்.

இனி சர்வீசுக்குக் கொடுக்கும்போது மாட்யூலை நீங்களே கழற்றி வைத்துக்கொண்டு வெறும் பெட்டியை மட்டும் கொடுங்கள். கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டாம், அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாமலே கண்ணைக் கெடுக்கலாம்.

கேள்வி: வாரண்டி ஸ்டிக்கரைக் கிழித்து ரவுட்டரைத் திறந்து பார்த்தேன். இப்போது ஓடவில்லை. கம்பெனி மாற்றித் தர மறுக்கிறது. கேஸ் போடலாமா?
– தங்கச்சிமடம் வாசகர்

பதில்: யார் மேல்?

கேள்வி: ஆபீஸ் ரவுட்டரில் ஃபேன் சத்தம் தாங்கவில்லை. ஃபேன் தட்டைக் கழற்றிவிட்டு ஓட்டலாமா?
– மண்டபம் வாசகர்

பதில்: கூடாது. சூடேறித் தானே அணையும், அல்லது கெடும். தூசியும் உப்பும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரத்தை நிறுத்தி, தட்டை உருவி, காய்ந்த பிரஷ்ஷால் துடையுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் பேரிங் போயிருக்கும். மாடல் எண்ணைச் சொல்லி ஃபேன் தட்டை மட்டும் தனியாக வாங்கலாம். பில்லோடு.