ஐசியூ வேலையை விட்டுவிட்டு மெடிக்கல் கோடிங் போகலாமா?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்தவள், வயது 31. கோவையில் ஒரு தனியார் மருத்துவமனை ஐசியூவில் நாலரை வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். அதற்கு முன் வேறு இடத்தில் மூன்று வருடம். மாதத்தில் பாதி நாள் நைட் டூட்டி, சில ஷிஃப்டில் மூன்று வென்டிலேட்டர் நோயாளிகளை ஒருத்தியாகப் பார்க்கிறேன். முன்பு ஒரு நோயாளி இறந்தால் இரண்டு நாள் மனசு சரியாகாது. இப்போது ‘ஒரு பெட் குறைந்தது’ என்றுதான் தோன்றுகிறது, அது எனக்கே பயமாக இருக்கிறது. மூன்று வயது மகள் இருக்கிறாள். மெடிக்கல் கோடிங் படித்தால் வீட்டிலிருந்தே வேலை என்று ஒரு இன்ஸ்டிட்யூட்டில் சொல்கிறார்கள். ராஜினாமா செய்துவிட்டுச் சேரட்டுமா? படித்த நர்சிங் வீணாகிவிடுமா?

பதில்: சிஸ்டர், கோடிங் படியுங்கள், ராஜினாமா மட்டும் இப்போது வேண்டாம்.

முதலில் அந்த ‘ஒரு பெட் குறைந்தது’ என்ற எண்ணம். உங்கள் மனசு கெட்டுப்போய்விட்டது என்று நினைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியலில் பர்ன்அவுட் ஒரு நோயாக இல்லை. பணியிட அழுத்தம் நெடுநாள் சரியாகக் கையாளப்படாததால் வரும் நிலை என்றே அதைச் சொல்லியிருக்கிறார்கள். சக்தியெல்லாம் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, ‘நான் செய்வதில் என்ன பயன்’ என்று தோன்றுவது, இந்த மூன்றும் அதன் அடையாளங்கள். நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது. ஐசியூவில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். மூன்று வென்டிலேட்டரை ஒருவர் பார்த்தால் மனம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மரத்துப்போகத்தான் செய்யும்.

ஆனால் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நாலைந்து நாள் தொடர்ந்து லீவு எடுத்து நன்றாகத் தூங்கினால் கொஞ்சமாவது தெளிகிறதா? மகளோடு இருக்கும்போதும் எதுவுமே பிடிக்கவில்லை, தூக்கம் வரவில்லை, வாழ்வதில் அர்த்தம் இல்லை என்று தோன்றுகிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். வேலை மாறினால் மட்டும் அது போகாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். நர்ஸ்கள் இதில் ரொம்பத் தயங்குகிறார்கள். நோயாளிக்கு நீங்களே கொடுத்திருக்கக்கூடிய யோசனைதான் இது.

இனி கோடிங். அமெரிக்க மருத்துவமனைகளின் மருத்துவக் குறிப்புகளைப் படித்து, நோய்க்கு ஐசிடி-10-சிஎம் குறியீடும், செய்த சிகிச்சைக்கு சிபிடி குறியீடும் போடுவது. அங்கே காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுப்பது அந்தக் குறியீட்டை வைத்துத்தான். சென்னையில் இந்தத் தொழில் பெரியது, கோவை, திருச்சியிலும் இருக்கிறது. சார்ட்டைத் திறந்ததும் நோயாளி எந்த நிலையில் இருந்தார் என்று கண்முன் தெரிவது உங்களுக்குப் பெரிய பலம். நோர்அட்ரினலின், லாக்டேட் என்று வருவதையெல்லாம் மற்றவர்கள் மாதக்கணக்கில் மனப்பாடம் செய்வார்கள்.

நர்ஸ்கள் தடுமாறும் இடமும் அதுவேதான். பொட்டாசியம் 2.8 என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது, மாற்று மருந்தும் ஓடியிருக்கிறது. ஹைபோகலீமியா, அதாவது ரத்தத்தில் பொட்டாசியம் குறைவு என்று உங்களுக்குத் தூக்கத்திலும் தெரியும். ஆனால் டாக்டர் அதை எழுதவில்லை என்றால் கோடர் குறியீடு போடக் கூடாது. ‘யூரோசெப்சிஸ்’ என்று டாக்டர் எழுதிவிட்டுப் போயிருப்பார். ஐசிடி-10-சிஎம்மில் அந்தப் பெயருக்குக் குறியீடே கிடையாது. சிறுநீர்த் தொற்று மட்டுமா, உடல் முழுவதையும் பாதிக்கும் செப்சிஸா என்று டாக்டரிடம் விளக்கம் கேட்டாக வேண்டும். நாமாகவே முடிவு செய்தால் ஆடிட்டில் மாட்டுவோம். வார்டில் நல்ல நர்ஸுக்கு அழகு டாக்டர் விட்டதைப் பிடிப்பது. கோடிங்கில் அந்தப் பழக்கத்தை ஓரமாக வைக்க வேண்டும். இது ஒத்துவராமல் மூன்றே மாதத்தில் திரும்பிப்போகிறவர்கள் இருக்கிறார்கள்.

அதனால்தான் உங்களைப் போன்ற ஐசியூ நர்ஸுக்குக் கோடிங்கை வாசலாக மட்டும் சொல்வேன். உள்ளே போன பிறகு பார்க்க வேண்டியது சிடிஐ, அதாவது மருத்துவக் குறிப்புகள் முழுமையாக இருக்கின்றனவா என்று பார்க்கும் வேலை. ‘பொட்டாசியம் இவ்வளவு குறைந்திருக்கிறதே, இதற்கான நோயறிதலைக் குறிப்பிட முடியுமா’ என்று டாக்டருக்குக் கேள்வி எழுப்புவதே அங்கே வேலை. கோடிங்கில் ஓரமாக வைக்கச் சொன்ன பழக்கத்துக்கு இங்கே சம்பளம் கொடுப்பார்கள். படுத்திருக்கும் நோயாளிகளின் இன்பேஷன்ட் கோடிங்கில் ஒன்றிரண்டு வருடம் இருந்தால் இதற்குப் போக முடியும். என்கிளெக்ஸ் தேர்வு எழுதி அமெரிக்க நர்ஸ் (ஆர்.என்.) உரிமம் வாங்கினால், அங்குள்ள காப்பீட்டு நிறுவனங்களுக்காகச் சிகிச்சையின் அவசியத்தை மதிப்பிடும் வேலைகளும் திறக்கும். செலவும் உழைப்பும் அதிகம், ஆகவே அதை இரண்டாம் கட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளூரிலேயே இன்னொரு வழி உண்டு. காப்பீட்டு நிறுவனங்களும், அவற்றுக்காகக் கோரிக்கைகளைக் கையாளும் டிபிஏ நிறுவனங்களும் கேஷ்லெஸ் கோரிக்கைகளைப் பரிசீலிக்க நர்சிங் படித்தவர்களை எடுக்கிறார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024-இல் விட்ட சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் முன்அனுமதிக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரத்திலும் பதில் சொல்ல வேண்டும். வேகம் பழகியவர்களுக்குப் பொருத்தமான இடம். மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் பார்மகோவிஜிலன்ஸ் வேலையும் இருக்கிறது, ஆனால் அதில் பெரும்பாலும் பார்ம்.டி., பி.பார்ம். படித்தவர்களுக்குத்தான் முதலிடம்.

சரி, ‘வீட்டிலிருந்தே’ என்ற வார்த்தைக்கு வருவோம். ஃப்ரெஷர் கோடரை முதல் நாளே வீட்டுக்கு அனுப்பும் நிறுவனம் அபூர்வம். பயிற்சி, பிறகு ஆடிட்டர் பக்கத்தில் உட்கார்ந்து செய்யும் மாதங்கள் எல்லாம் பெரும்பாலும் ஆபீசில்தான். தினம் இத்தனை சார்ட் என்று டார்கெட் உண்டு, 95 சதவீதத் துல்லியம் கேட்பார்கள். தொடக்கச் சம்பளம் இப்போது நீங்கள் வாங்குவதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். வீட்டு வேலை கிடைத்த பிறகும் அமெரிக்காவின் ஹிப்பா சட்டப்படி நோயாளி விவரம் யார் கண்ணிலும் படக் கூடாது. தனி அறை, மேசையில் போன் இருக்கக் கூடாது, பின்னால் யாரும் நடமாடக் கூடாது என்றெல்லாம் நிபந்தனை போடுவார்கள். மூன்று வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு செய்கிற வேலை இல்லை. அந்த எட்டு மணி நேரம் மகளை யார் பார்ப்பார்கள் என்று வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள். விளம்பரத்தில் ‘யுஎஸ் ஹெல்த்கேர்’ என்று இருந்தால் எந்தப் பிரிவு என்று கேளுங்கள். கோடிங் பெரும்பாலும் பகல் ஷிஃப்ட். ஏஆர் காலிங், அதாவது வராத பணத்துக்காக அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களுக்குப் போன் செய்யும் வேலை என்றால் அமெரிக்கப் பகல் நேரம், நமக்கு ராத்திரி. நைட்டுக்குப் பயந்து ஓடி நைட்டிலேயே விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்ஸ்டிட்யூட் விஷயத்தில் கறாராக இருங்கள். ‘நூறு சதவீத வேலை உத்தரவாதம்’ என்றால் அதை எழுத்தில் கேளுங்கள், முகம் மாறும். ஏஏபிசி என்ற அமெரிக்கக் கோடர் அமைப்பு நடத்தும் சிபிசி என்ற கோடிங் சான்றிதழ்த் தேர்வில் 100 கேள்விகள், 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. குறியீட்டுப் புத்தகங்களைப் பார்த்தே எழுதலாம். ஐசிடி அக்டோபரிலும் சிபிடி ஜனவரியிலும் மாறும் என்பதால் பழைய பதிப்பை யாராவது மலிவாகத் தந்தால் வாங்க வேண்டாம். அனுபவம் இல்லாமல் தேறினால் சிபிசி-ஏ என்றுதான் சான்றிதழ் வரும், அந்த ‘ஏ’ பெரும்பாலும் பிறகு வேலை அனுபவம் சேர்ந்துதான் போகும். வேலை தருவதாகச் சொல்லி டெபாசிட் கேட்டால் அது மோசடி. கொடுத்து ஏமாந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் புகார் செய்யுங்கள்.

படிக்க ஐந்தாறு மாதம் ஆகும். அதுவரை ஐசியூவிலேயே இருக்கத்தான் வேண்டுமா? நர்சிங் சூப்பரின்டென்டென்டைப் பார்த்து இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல், குவாலிட்டி, இன்சூரன்ஸ் டெஸ்க், இந்த மூன்றில் ஒன்றுக்கு மாற்றம் கேளுங்கள். பொதுவாகப் பகல் டூட்டி. இன்சூரன்ஸ் டெஸ்க் கிடைத்தால் டிபிஏ வேலைக்கு அனுபவமும் ஆயிற்று. ஒருவேளை அங்கே போனதும் மூச்சு விட முடிந்தால், பிரச்சினை நர்சிங்கில் இல்லை, அந்த ரோஸ்டரில்தான் என்று தெரிந்துவிடும். கோடிங்கே வேண்டாம் என்றுகூடத் தோன்றலாம், தோன்றட்டுமே.

இப்போது விட வேண்டாம் என்றதற்கு இன்னொரு காரணம் கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை. ஐந்து வருடத் தொடர் பணி முடித்தால் ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளக் கணக்கில் அது கிடைக்கும். 4 வருடம் 240 நாள் போதும் என்று மெட்ராஸ் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருந்தாலும், நிர்வாகத்தோடு வாதாட உங்களுக்கு இப்போது தெம்பு இல்லை. படிப்பு முடியும்போது ஐந்து வருடமும் முடிந்துவிடும். அந்தத் தேதிக்குப் பிறகு, கையில் ஆஃபர் லெட்டர் வந்ததும், நோட்டீஸ் கொடுங்கள்.

நர்சிங் வீணாகுமா என்று கேட்டீர்கள். மாநில நர்சிங் கவுன்சில் பதிவை மட்டும் காலாவதியாக விடாதீர்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தொடர்கல்வி மணிநேரக் கணக்கு கேட்பார்கள், வார்டை விட்ட பிறகும் அதைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். பின்னால் வளைகுடா போகும் எண்ணம் இருந்தால் இப்போதே யோசியுங்கள், அங்கே பொதுவாக அண்மைக்கால வார்டு அனுபவம்தான் கேட்பார்கள், கோடிங் வருடங்கள் கணக்கில் வராது.

கிளம்பும்போது ஒரிஜினல் சான்றிதழ்களை மருத்துவமனை வைத்திருந்தால் எழுத்து மூலம் கேட்டுத் திரும்ப வாங்குங்கள், அவற்றைப் பிடித்துவைக்க அவர்களுக்கு உரிமை இல்லை. எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட்டில் வெறும் ‘ஸ்டாஃப் நர்ஸ்’ என்று போட விடாமல் ஐசியூ, எத்தனை படுக்கை, வென்டிலேட்டர் பராமரிப்பு என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். இன்பேஷன்ட் கோடிங் பிரிவுக்கு ஆள் எடுப்பவர் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.