கடை தம்பி பெயரில், கடன் அக்கா பெயரில்

கேள்வி: எனக்கு வயது 39. மதுரையில் தனியார் பள்ளி ஆசிரியை. கைக்கு வரும் சம்பளம் 44,000 ரூபாய். ஒன்றரை வருடத்துக்கு முன் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து ஆனது. ஒரே தடவையாக 15 லட்சம் ஜீவனாம்சம் கிடைத்தது. கடனில் வாங்கிய வீட்டை அவரே வைத்துக்கொண்டார். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளுடன் அம்மா வீட்டில் இருக்கிறேன். தம்பி குடும்பமும் அங்கேதான். அவன் செல்போன் கடை வைக்க, 14 சதவீத வட்டியில், 48 மாதத் தவணைக்கு, 5 லட்சம் தனிநபர் கடன் என் பெயரில் வாங்கினேன். நான்கு தவணை அவன் கட்டினான். அடுத்த பத்தை நான் கட்டினேன். தீபாவளிச் சரக்குக்காக என் நகையை அடகு வைத்து 3 லட்சம் கொடுத்தேன். இப்போது இரண்டாவது கடைக்கு 6 லட்சம் கேட்கிறான். இருக்கிற வீட்டில் மறுத்துச் சொல்ல முடியவில்லை. 15 லட்சம் மகளின் பணம் என்பதால் சேமிப்புக் கணக்கில் தொடாமல் வைத்திருக்கிறேன். அதற்கு வரி உண்டா? செல்வமகள் திட்டத்தில் போடலாமா? வங்கி அதிகாரி ஆண்டுக்கு 3 லட்சம் வீதம் பத்து ஆண்டு கட்டும் ‘உத்தரவாத வருமான’ பாலிசியைச் சொல்கிறார். எடுக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நீங்கள் கேட்டவற்றுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே தொகையாக வந்த ஜீவனாம்சத்துக்குப் பொதுவாக வருமான வரி இல்லை. அதிலிருந்து வரும் வட்டிக்கு உண்டு. செல்வமகள் கணக்கை மகளுக்குப் பத்து வயது ஆவதற்குள் தொடங்கியிருக்க வேண்டும். அந்த வாய்ப்புப் போய்விட்டது. பாலிசி வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ‘இருக்கிற வீட்டில் மறுத்துச் சொல்ல முடியவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் சிக்கல் முழுவதும் அந்த வரியில்தான் இருக்கிறது. தனிநபர் கடனின் தவணை மாதம் சுமார் 13,660. நகைக்கடனுக்கு 10 சதவீதம் என்று வைத்தாலும் மாத வட்டி 2,500. இரண்டும் சேர்ந்து 16,000 ரூபாய்க்கு மேல். அம்மா வீட்டில் தங்குவதற்கு நீங்கள் கொடுக்கும் வாடகை இது. யாரும் வாடகை என்று சொல்வதில்லை, அவ்வளவுதான். இதைவிடக் குறைந்த தொகைக்கு உங்கள் பள்ளிக்குப் பக்கத்திலேயே இரண்டு அறை வீடு கிடைக்கும். தனியே போங்கள் என்று சொல்லவில்லை. துணையாக அம்மா இருப்பது உங்களுக்கும் மகளுக்கும் பெரிய பலம். ஆனால் அதற்கான நன்றியைக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

மகளின் பணத்தைத் தொடவில்லை என்கிறீர்கள். தொட்டுவிட்டீர்கள், கணக்கில்தான் தெரியவில்லை. 14 தவணை போக அசல் பாக்கி சுமார் 3.8 லட்சம். நகைக்கடன் 3 லட்சம். இந்த 6.8 லட்சத்துக்கு வரும் ஓராண்டில் ஏறக்குறைய 75,000 ரூபாய் வட்டி கட்டப் போகிறீர்கள். அதே அளவு பணம் உங்கள் சேமிப்புக் கணக்கில் இரண்டரை சதவீதத்தில் கிடந்து 17,000 ரூபாய் சம்பாதிக்கும். மிச்சம் 58,000 உங்கள் மகளுடையதுதான்.

ஆகவே இந்த மாதமே இரண்டு கடனையும் முடித்துவிடுங்கள். முன்கூட்டி முடிக்க வங்கி கட்டணம் கேட்கும். பெரும்பாலும் பாக்கித் தொகையில் மூன்று, நான்கு சதவீதம். 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதமுள்ள 34 தவணையையும் கட்டினால் வட்டி மட்டுமே 80,000 ரூபாயைத் தாண்டும் என்பதால் கட்டணம் போனாலும் லாபம்தான். தம்பி திருப்பித் தர வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மாதம் 5,000 தந்தாலும் சரி. ஆனால் அந்தப் பணம் வரும் என்று நம்பி எந்தச் செலவையும் திட்டமிடாதீர்கள்.

பிறகு அம்மாவிடம் மாதம் 10,000 ரூபாய் வீட்டுச் செலவுக்கு என்று முதல் தேதியிலேயே, தம்பிக்கும் தெரியும்படி, கொடுங்கள். ஏற்கெனவே ஏதாவது கொடுத்துவந்தால் அதையும் இதற்குள் அடக்குங்கள். இந்தப் பணம் கை மாறும்போது நீங்கள் அந்த வீட்டில் அண்டியிருப்பவர் அல்ல, பங்கு கொடுப்பவர். இரண்டாவது கடைக்கு ‘முடியாது’ என்று சொல்ல நா எழும்.

நா எழாவிட்டாலும் வழி இருக்கிறது. கடன் போக மீதி சுமார் 8 லட்சம். அதில் 5 லட்சத்தை அஞ்சலகத்தில் தேசிய சேமிப்புப் பத்திரமாக்குங்கள். இப்போதைய 7.7 சதவீதத்தில் ஐந்து ஆண்டு முடிவில் சுமார் ஏழேகால் லட்சம் ஆகும். மகள் கல்லூரியில் சேரும் நேரத்துக்குக் கைக்கு வரும். இடையில் எடுக்க முடியாது என்பதுதான் இதன் அருமை. ‘பணம் அஞ்சலகத்தில் மாட்டிக்கொண்டது’ என்று நீங்கள் சொன்னால் அது பொய்யும் இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: இந்தப் பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்துக் கடன் வாங்கலாம். அதை வீட்டில் யாராவது கண்டுபிடித்துச் சொல்வார்கள். நீங்கள் சொல்லிக் கொடுக்காதீர்கள். மீதி 3 லட்சம் அவசரத்துக்கு, வைப்புநிதியில் இருக்கட்டும்.

பாலிசி ஏன் வேண்டாம்? பத்து ஆண்டில் 30 லட்சம் கட்டச் சொல்கிறார். உங்களிடம் இருப்பதே 15. இரண்டாம், மூன்றாம் தவணையில் மூச்சு முட்டி நிறுத்தினால் கட்டியதில் கணிசமான பகுதி போய்விடும். கடைசிவரை கட்டினாலும் இத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் ஐந்தரை, ஆறு சதவீதத்தைத் தாண்டுவதில்லை. கணக்கில் பெரிய தொகை கிடப்பது தெரிந்தால் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் காபி கொடுப்பார்கள். காபியைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். பாலிசிக்கு யோசித்த அக்கறையை மருத்துவக் காப்பீட்டில் காட்டுங்கள். முன்பு கணவரின் அலுவலகக் காப்பீட்டில் இருந்திருந்தால் அது இப்போது உங்களுக்கு இருக்காது. உங்களுக்கும் மகளுக்கும் சேர்த்துத் தனியாக ஒன்று எடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் இதற்கு ஜிஎஸ்டியும் கிடையாது.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ‘கடனில் வாங்கிய வீடு’ எனக்குக் கவலை தருகிறது. அந்த வீட்டுக்கடனில் நீங்களும் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டீர்களா? அப்படியென்றால் வீடு அவருக்கு என்று நீதிமன்றத்தில் முடிவானது வங்கியைக் கட்டுப்படுத்தாது. அவர் தவணை தவறினால், கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று வங்கிகள் பார்க்கும் உங்கள் சிபில் மதிப்பெண்ணும் சரியும், வசூலுக்கு உங்களையும் தேடி வருவார்கள். ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் சிபில் அறிக்கையை இன்றே எடுத்துப் பாருங்கள். அதில் அந்தக் கடன் இருந்தால், அவர் வருமானத்தை மட்டும் வைத்துக் கடனை மாற்றியமைத்து உங்கள் பெயரை நீக்கும்படி அவரும் நீங்களும் சேர்ந்து வங்கிக்கு எழுத வேண்டும். அவர் இழுத்தடித்தால் விவாகரத்து வழக்கை நடத்திய வக்கீலிடம் போங்கள். பி.எஃப்., காப்பீடு, வங்கிக் கணக்குகளில் வாரிசுதாரராக (நாமினி) இன்னும் அவர் பெயர் இருக்கக்கூடும், தானாக மாறாது. மகள் பெயருக்கு மாற்றி, காப்பாளராக அம்மாவைப் போடுங்கள்.

கடனை அடைத்ததும் பாக்கி இல்லை என்ற சான்றை வங்கியில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மீட்ட நகையை வீட்டுப் பீரோவில் வைக்காமல், உங்கள் பெயரில் மட்டும் ஒரு லாக்கர் எடுத்து அதில் வையுங்கள். சாவி எங்கே என்று கேட்டால் பள்ளியில் என்று சொல்லுங்கள்.