பரிசு குடுத்தாச்சு, படம் சுவத்துல ஒட்டியாச்சு, அப்புறம் ஏன் குளத்துப் பக்கம் யாரும் வரல?

கேள்வி: எங்க ஸ்கூல்ல பசுமைக் குழுவுக்கு நான்தான் பொறுப்பு. 13 வயசுலேர்ந்து 17 வயசு வரைக்கும் நாப்பது பசங்க இருக்காங்க. சுற்றுச்சூழல் ஓவியப் போட்டி வெச்சப்ப எல்லாரும் ஆர்வமா வந்தாங்க, பரிசும் குடுத்தோம். ஆனா அடுத்த வாரம் ஸ்கூலுக்குப் பின்னாடி இருக்கிற குளத்த சுத்தம் பண்ணலாம்னு கூப்பிட்டா அஞ்சு பேர்தான் வந்தாங்க. கலை மூலமா பசங்கள உண்மையிலேயே இதுக்குள்ள இழுக்க முடியுமா? எனக்கு வரையத் தெரியாது, செலவு பண்ண பெருசா பணமும் இல்ல.

பதில்: முடியும், ஆனா நீங்க பண்ணின வரிசைய அப்படியே தலைகீழா மாத்தணும்.

போட்டிக்கு வந்த படங்கள ஒருதரம் எடுத்து வரிசையா தரையில வெச்சுப் பாருங்க. பூமி உருண்டை அழுதுட்டு இருக்கும், இல்லன்னா ரெண்டு கை அத தாங்கிட்டு இருக்கும், ஒரு பக்கம் பச்சை மரம், இன்னொரு பக்கம் வெட்டின மரம், ஒரு ஃபேக்டரி, புகை. பாதிக்கு மேல இதுவாத்தான் இருக்கும். பசங்க மேல தப்பே இல்ல. 'சுற்றுச்சூழலைக் காப்போம்'னு தலைப்பு குடுத்தா ஏற்கனவே பார்த்த போஸ்டரத்தான் ஞாபகத்துலேர்ந்து வரைவாங்க, அதுக்கு குளத்த ஒரு தடவ கூட திரும்பிப் பாக்க வேண்டிய தேவையே இல்ல, கிளாஸ்ரூம்லயே உக்காந்து முடிச்சிடலாம். அப்புறம் திடீர்னு குளத்துக்கு வாங்கன்னா எதுக்கு வருவாங்க, அந்தக் குளம் அவங்களுக்கு யாரு?

அதனால முதல்ல இடம், அதுக்கப்புறம் பாக்குறது, பாக்குறதுக்காக வரையறது, வேலைங்கிறது அதுலேர்ந்து தானா வரும். போஸ்டர்லாம் கடைசியில, தேவைப்பட்டா.

பரிசு விஷயத்த முதல்ல முடிச்சிடறேன். 1973ல லெப்பர், கிரீன், நிஸ்பெட்னு மூணு உளவியல் ஆய்வாளர்கள் நர்சரி குழந்தைங்கள வெச்சு ஒரு சோதனை பண்ணாங்க. வரையறதுல ஏற்கனவே ஆசையா இருந்த குழந்தைங்கள்ல ஒரு குரூப்புக்கு 'வரைஞ்சா சர்டிபிகேட் தருவோம்'னு முன்னாடியே சொல்லிட்டாங்க, சொன்ன மாதிரியே குடுக்கவும் செஞ்சாங்க. கொஞ்ச நாள் கழிச்சு ஃப்ரீ டைம்ல சும்மா கவனிச்சா, அந்தக் குரூப் மார்க்கர் பக்கம் போன நேரம் மத்தவங்களோட பாதிதான் இருந்துச்சு. அவங்க சின்னக் குழந்தைங்க, உங்க பசங்க பெரியவங்க, ஆனாலும் இந்தப் பழக்கம் எந்த வயசுலயும் ஒட்டிக்கும்னுதான் நான் நினைக்கிறேன். பரிசுக்காக வந்தவங்க பரிசோட போயிடுவாங்க. போட்டிய நிறுத்திடுங்க, நாப்பது பேர்ல மூணு பேர் ஜெயிச்சா மீதி முப்பத்தேழு பேரும் 'நமக்கு வரைய வராது'ன்னு வீட்டுக்குப் போறாங்க, அது உங்களுக்கு எந்த வகையிலயும் உதவாது.

சரி, குளத்துக்குப் போய் என்ன பண்றது. ஆளுக்கு ஒரு பேப்பர், ஒரு பென்சில், ரப்பர் வேண்டாம், கலர் வேண்டாம். குளம் முழுசையும் வரையச் சொல்லாதீங்க, அப்படிச் சொன்னா மறுபடியும் மலை, சூரியன், தாமரைன்னு போஸ்டர்தான் வரும். ஒரு சாண் நீளம் ஒரு சாண் அகலம், அவ்வளவு இடத்த மட்டும் ஆளுக்கு ஒண்ணா பிரிச்சுக் குடுங்க, இல்ல ஒரே ஒரு இலை. இருபது நிமிஷம் அதையே பாக்கணும். வரைஞ்சு முடிச்சதும் பக்கத்துலயே மூணு கேள்வி எழுதணும், 'இது ஏன் இப்படி இருக்கு'ங்கிற மாதிரி. படம் நல்லா இருக்கா இல்லையான்னு நீங்களும் சொல்லக்கூடாது, வேற யாரையும் சொல்ல விடவும் கூடாது.

இலையிலயே எவ்வளவு இருக்குன்னு ஒண்ணு சொல்றேன். நிறைய செடியோட இலையில வெள்ளையா ஒரு கோடு நெளிஞ்சு நெளிஞ்சு போகும், பார்த்திருப்பீங்க. நோய்னு நினைச்சு கிள்ளிப் போட்டுடுவோம். அதப் பார்த்து வரையற பையன் கோட்ட ஒரே அகலத்துல போட்டுட்டே போகும்போது எங்கேயோ நிப்பான், ஏன்னா ஒரு முனையில கோடு நூல் மாதிரி மெல்லிசா இருக்கு, இன்னொரு முனையில அகலமா இருக்கு, நடுவுல கருப்பா புள்ளி புள்ளியா ஒரு வரிசை வேற. இலையோட மேல்தோலுக்கும் கீழ்தோலுக்கும் நடுவுல ஒரு குட்டிப் புழு தின்னுக்கிட்டே போன பாதை அது. ஆரம்பத்துல புழு சின்னது, தின்னத் தின்ன வளருது, அதனால பாதையும் அகலமாகுது, கருப்புப் புள்ளி அதோட எச்சம். ஒரு உயிரோட குழந்தைப் பருவம் முழுக்க அந்த ஒரு இலைக்குள்ள இருக்கு. இத நீங்க பாடமா சொன்னா காதுல விழாது, அவனே வரைஞ்சு கோடு ஏன் அகலமாச்சுன்னு கேட்டுட்டான்னா அடுத்த வாரம் அந்தச் செடிய வெட்ட விடமாட்டான்.

வரையறது மனசுல நிக்கும்ங்கிறத சோதிச்சும் பார்த்திருக்காங்க. கனடாவுல வாட்டர்லூ பல்கலைக்கழகத்துல பண்ணின ஆய்வு 2016ல வந்துச்சு, வார்த்தைகள எழுதி வெச்சுக்கிட்டவங்கள விட அதையே படமா வரைஞ்சவங்களுக்கு அதிகமா ஞாபகம் இருந்துச்சு, படம் அழகா இருக்கா இல்லையாங்கிறது பெருசா முக்கியமில்ல. கண்ணு, கை, யோசனை மூணும் ஒரே நேரத்துல வேலை செய்யுறதுதான் காரணம்னு சொல்றாங்க.

உங்களுக்கு வரையத் தெரியாதுங்கிறது இங்க நல்லதுதான். நீங்களும் கூட உக்காந்து கோணல்மாணலா வரைஞ்சு அத எல்லார்கிட்டயும் காட்டுங்க. பதிமூணு வயசுக்கு மேல பசங்களோட பெரிய பிரச்சனையே கூச்சம்தான், சின்ன வயசுல சுவரெல்லாம் கிறுக்கினவன் பத்து பன்னெண்டு வயசுல 'நிஜம் மாதிரி வரலையே'ன்னு பென்சில கீழ வெச்சிடறான். அவங்களுக்கு வேற வழியும் குடுங்க. மொபைல்ல மேக்ரோ போட்டோ எடுக்கட்டும், காமிக்ஸ் பண்ணட்டும், இல்ல சத்தத்த வரையட்டும். அதாவது பேப்பர் நடுவுல ஒரு புள்ளி, அதுதான் நான், கண்ண மூடி பத்து நிமிஷம் கேட்டுட்டு எந்தப் பக்கத்துலேர்ந்து என்ன சத்தம் வருதுன்னு சின்னச் சின்ன குறியாப் போடணும். ரோட்டுப் பக்கம் ஹாரனா நிறைஞ்சிருக்கும், புதர் பக்கம் அஞ்சாறு விதமான பறவைச் சத்தம் இருக்கும், புதர ஏன் அழிக்கக் கூடாதுன்னு அந்தப் பேப்பரே சொல்லிடும்.

பயமுறுத்துற படங்கள் பத்தி பல பேர் கேப்பாங்க, செத்து மிதக்குற மீன், பிளாஸ்டிக்ல சிக்கின ஆமைன்னு. அது கவனத்த இழுக்கும், அதுல சந்தேகமில்ல, ஆனா இழுத்துட்டு அப்படியே விட்டுடும். 2009ல பிரிட்டன்ல ஓநீல், நிக்கல்சன்-கோல்னு ரெண்டு பேர் பண்ணின ஆய்வுல இதுதான் தெரிஞ்சுது, பயங்கரமான படங்களப் பார்த்தவங்க விஷயம் முக்கியம்னு ஒத்துக்கிட்டாங்க, ஆனா 'நம்மளால என்ன ஆகப்போகுது'ங்கிற எண்ணமும் கூடவே வந்துச்சு. 2015ல பாரிஸ் பருவநிலை மாநாட்டு சமயத்துல வெச்சிருந்த 37 கலைப் படைப்புகளப் பார்த்தவங்க 874 பேர்கிட்ட எடுத்த இன்னொரு ஆய்வுலயும், பிரச்சனையோட சேர்த்து ஒரு தீர்வையும் அழகையும் காட்டின படைப்புங்கதான் ஆளுங்கள அதிகமா அசைச்சிருக்கு. செத்த மீன வரையக்கூடாதுன்னு நான் சொல்லல, குளத்துல நிஜமாவே செத்து மிதந்தா அத வரையணும். ஆனா பக்கத்துலயே எந்தக் குழாய்லேர்ந்து என்ன வருது, அத யார் நிறுத்த முடியும்ங்கிறதும் அதே தாள்ல இருக்கணும்.

இதுக்கு எனக்குத் தெரிஞ்ச ரொம்ப நல்ல உதாரணம் கரீபியன் கடல்ல இருக்கிற செயின்ட் லூசியா தீவு. அங்க மட்டுமே வாழுற ஒரு கிளி, 1970கள் கடைசியில நூறு சொச்சம்தான் மிஞ்சியிருந்துச்சு. பால் பட்லர்னு ஒரு இளைஞர் அங்க வனத்துறையோட சேர்ந்து வேலை பார்த்தார். காடு அழியுதுன்னு பொதுவா பேசாம அந்த ஒரு கிளிய எடுத்துக்கிட்டாங்க, கிளி வேஷம் போட்டு ஸ்கூல் ஸ்கூலா போனாங்க, பாட்டு, போஸ்டர், பொம்மலாட்டம்னு எங்க பார்த்தாலும் அதே கிளி. இந்தக் கிளி நம்ம தீவத் தவிர உலகத்துல வேற எங்கயும் கிடையாதுங்கிறதுதான் சேதி. 1979ல அது தேசியப் பறவை ஆச்சு, வேட்டைக்கு எதிரான சட்டமும் கடுமையாச்சு, இன்னைக்கு கிளி எண்ணிக்கை பல மடங்கு ஏறியிருக்கு. சட்டம் இல்லாம வெறும் பாட்டால இது நடந்திருக்காது, ஆனா அந்தப் பாட்டு இல்லன்னா சட்டத்த யாரும் மதிச்சிருக்கவும் மாட்டாங்க. நீங்களும் 'பல்லுயிர்'னு பேசாதீங்க, உங்க குளத்துல ஒரே ஒரு உயிர தேர்ந்தெடுங்க. எதுன்னு பசங்களே முடிவு பண்ணட்டும், தவளையோ தட்டானோ மீன்கொத்தியோ. அவங்க ஓட்டுப் போட்டு எடுத்ததுக்காக அவங்களே சண்டை போடுவாங்க.

அடுத்தது, வேலை நடக்குறது கண்ணுக்குத் தெரியணும். ஜெர்மன் கலைஞர் யோசஃப் பாய்ஸ் 1982ல காசெல் நகரத்துல மியூசியம் முன்னாடி 7000 கருங்கல் தூண்களக் குவிச்சு வெச்சார். ஒரு மரம் நட்டாத்தான் ஒரு கல்ல எடுத்து அந்த மரத்துக்குப் பக்கத்துல நடலாம், அதுதான் விதி. முதல்ல ஊரே திட்டுச்சு, எங்க ஊர் முகப்ப அசிங்கமாக்கிட்டார்னு. ஆனா அந்தக் குவியல் போகணும்னா மரம் நடணும், வேற வழி கிடையாது. 1987ல கடைசி மரம் நட்டப்ப பாய்ஸ் உயிரோட இல்ல, ஆனா குவியல் காலியாயிடுச்சு. இத நீங்க சின்ன அளவுல பண்ணலாம். குளத்துலேர்ந்து பொறுக்கின பிளாஸ்டிக்க ஸ்கூல் வாசல்ல கம்பி வலைக் கூண்டுக்குள்ள போட்டு வையுங்க, ஒவ்வொரு வாரமும் எவ்வளவு ஏறுதுன்னு பசங்க கூண்டுலயே கோடு போட்டுத் தேதி எழுதட்டும். மூணு மாசத்துல அதுவே ஒரு சிற்பம், தினமும் எல்லாரும் அதத் தாண்டித்தான் போகணும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இன்னொண்ணும் சொல்லிடறேன். 2007ல ஈவ் மோஷர்ங்கிறவங்க நியூயார்க்ல, விளையாட்டு மைதானத்துல சுண்ணாம்புக் கோடு போடுற வண்டிய தள்ளிக்கிட்டே தெருத் தெருவா நடந்தாங்க, கடல் மட்டத்துலேர்ந்து 10 அடி உயரம் எங்கெல்லாம் வருதோ அங்கெல்லாம் கோடு. பாக்குறவங்கல்லாம் நிறுத்தி என்ன கோடு இதுன்னு கேப்பாங்க, இவங்க வெள்ளம் வந்தா இதுவரைக்கும் வரலாம்னு சொல்வாங்க, உண்மையில அந்தப் பேச்சுதான் அங்க கலை. 2012ல சாண்டி புயல்ல பல இடத்துல தண்ணி கிட்டத்தட்ட அந்தக் கோட்ட ஒட்டித்தான் வந்துச்சு. உங்க குளம் பழைய மேப்ல எவ்வளவு தூரம் இருந்துச்சுன்னு பசங்க தேடட்டும், வயசானவங்ககிட்ட கேக்கட்டும், அப்புறம் அனுமதி வாங்கிட்டு அந்தப் பழைய கரைய சுண்ணாம்பால தரையில வரையட்டும். ஒரு போஸ்டர் சொல்லாதத அந்தக் கோடு சொல்லும். இதுல ஒரு கவனம் வேணும், கோட்டுக்குள்ள வீடு இருக்கிறவங்க பயந்துபோவாங்க, அதனால பசங்கள தனியா அனுப்பாதீங்க, நீங்களும் கூடப் போங்க, யார் மேலயும் குற்றம் சொல்ற தொனி வேண்டாம்.

பொருட்கள் பத்தி சுருக்கமா. கிளிட்டர் வேண்டவே வேண்டாம், சாதாரண கிளிட்டர் பிளாஸ்டிக் துகள்தான், ஐரோப்பிய யூனியன்ல 2023 அக்டோபர்லேர்ந்து தூளா விக்கிற பிளாஸ்டிக் கிளிட்டருக்குத் தடையே போட்டுட்டாங்க. அக்ரிலிக் பெயின்ட்டும் பிளாஸ்டிக்தான், பிரஷ் கழுவின தண்ணிய குளத்துலயோ வாய்க்கால்லயோ கொட்டக்கூடாது, முதல்ல துணியில துடைச்சு எடுத்துடணும். கரி, களிமண், செம்மண் இதுலயே அருமையா வரையலாம், செலவும் இல்ல. மரத்துலயும் குளத்துப் பாறையிலயும் பெயின்ட் அடிக்க வேண்டாம். குப்பையில கலைன்னு சொன்னதும் சில வீட்டுல புது ஸ்ட்ராவும் புது கப்பும் கடையில வாங்கிக் குடுத்து அனுப்புவாங்க, அத உறுதியா மறுத்துடுங்க, குளத்துலேர்ந்து எடுத்தது மட்டும்தான்னு முதல்லயே சொல்லிடுங்க. காட்சி முடிஞ்சதும் அந்தப் பொருள் எங்க போகும்ங்கிறதும் தெரிஞ்சிருக்கணும், இல்லன்னா திரும்ப குளத்துக்கே வந்துடும்.

பசங்க பண்ணினத எங்க வைக்கிறீங்கங்கிறதுதான் பாதி விஷயம். ஸ்கூல் சுவத்துல வெச்சா ஏற்கனவே ஒத்துக்கிறவங்கதான் பாப்பாங்க. குளத்தப் பத்தி முடிவெடுக்கிற அதிகாரியக் கூப்பிட்டு, கரையிலயே கயிறு கட்டி படங்கள க்ளிப்ல மாட்டி, பசங்களே விளக்கட்டும், கடைசியில ஒரே ஒரு கோரிக்கை, அந்தக் குழாய அடைங்கன்னோ குப்பைத்தொட்டி வையுங்கன்னோ. பத்து கோரிக்கை வெச்சா ஒண்ணும் நடக்காது. வீட்டுல இருக்கிறவங்களையும் கூப்பிடுங்க, பசங்க பெத்தவங்க மனச மாத்துவாங்கங்கிறது வெறும் நம்பிக்கை இல்ல, அமெரிக்காவுல வட கரோலினாவுல பண்ணின ஆய்வு 2019ல வெளிவந்துச்சு, ஸ்கூல்ல பருவநிலை மாற்றம் பத்திப் படிச்ச பசங்களோட அப்பா அம்மாவுக்கும் அக்கறை கூடியிருந்துச்சு, அதுவும் மகள்கள் பேசினப்ப இன்னும் அதிகமா.

பலன் இருக்கான்னு எப்படிப் பாக்குறதுன்னா, எத்தனை பேர் வந்தாங்கன்னு எண்ணாதீங்க. இந்த வாரம், குளத்துக்குப் போறதுக்கு முன்னாடி, நாப்பது பேரையும் கிளாஸ்ல உக்கார வெச்சு ஞாபகத்துலேர்ந்து 'நம்ம குளம்'னு ஒரு படம் வரையச் சொல்லுங்க, பேரும் தேதியும் எழுதி வாங்கி பூட்டி வெச்சிடுங்க, யாருக்கும் காட்டாதீங்க. மூணு மாசம் கழிச்சு அதே தலைப்பு, அதே மாதிரி ஞாபகத்துலேர்ந்து. ரெண்டையும் பக்கத்துல வெச்சு எத்தனை உயிர் வரைஞ்சிருக்காங்க, எதுக்கெல்லாம் பேர் எழுதியிருக்காங்க, தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு காட்டியிருக்காங்களா, படத்துல மனுஷங்க என்ன பண்ணிட்டு இருக்காங்கன்னு எண்ணுங்க. எதுல மாற்றம் வரலையோ அடுத்த மூணு மாசத்துக்கு அதுலேர்ந்து ஆரம்பிங்க.