பூனைக்கு மொட்டை அடிக்கலாமா?

கேள்வி: எங்கள் பெர்ஷியன் பூனை வெயில் நேரத்தில் வெறுந்தரையில் நீட்டிப் படுத்தே கிடக்கிறது. முடியை ஒட்ட எடுத்துவிட்டால் அதற்குச் சுகமாக இருக்குமா?

பதில்: பார்க்கிற நமக்குத்தான் சுகம். பூனைக்கு உள்ளங்காலில் மட்டுமே வியர்வை சொல்லிக்கொள்ளும்படி சுரக்கும். மற்றபடி உடம்பை நக்கிக்கொள்ளும், அந்த எச்சில் உலரும்போது சூடு இறங்கும். தரையில் நீண்டு படுப்பதும் சூட்டைத் தணித்துக்கொள்கிற வழிதான், நோய் அல்ல. சிக்கில்லாத முடி குளிரை மட்டுமல்ல, வெளிச்சூட்டையும் ஓரளவு தடுக்கும். அதை வழித்தெடுத்தால் வெயில் நேரே தோலில் விழும். வெள்ளைப் பூனைகளுக்குத் தோல் வெந்துபோவதும், நாளடைவில் தோல் புற்றுநோய் வருவதும் உண்டு.

மொட்டைக்குப் பதிலாக, அடியில் உதிர்ந்து தங்கியிருக்கும் பஞ்சுமுடியைத் தினமும் சீவி எடுங்கள். உலோகச் சீப்பு வேண்டும். மேலாகத் தடவும் பிரஷ் பளபளப்பைத் தருமே தவிர அடிவரை போகாது. சும்மா இருக்கும்போதே வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது முடி விவகாரமே அல்ல, உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

கேள்வி: காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் முடி கட்டிகட்டியாகச் சிக்குப் பிடித்திருக்கிறது. குளிப்பாட்டிவிட்டுக் கத்தரிக்கோலால் வெட்டலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். தண்ணீர் பட்ட சிக்கு காயும்போது இன்னும் இறுகும். முதலில் சிக்கு, பிறகுதான் குளியல்.

கத்தரிக்கோல் அதைவிட ஆபத்து. பூனையின் தோல் மெல்லியது, தளர்ந்தது. சிக்கைப் பிடித்துத் தூக்கினால் தோலும் கூடாரம் போல எழுந்து முடிக்குள் வந்துவிடும். வெட்டுகிறவருக்கு முடி எது, தோல் எது என்று தெரியாது. ஒரே வெட்டில் தையல் போடும் அளவுக்குத் தோல் பிளந்துவிடும்.

பட்டாணி அளவுச் சிக்கு என்றால் ஒரு சிட்டிகை சோள மாவைத் தூவி, தோலை ஒட்டிய முடியின் அடியை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். இழுப்பு தோலுக்குப் போகாது. மறுகை விரல்களால் சிக்கை இரண்டு மூன்று கூறாகப் பிரித்து, சீப்பு முனையால் நுனியிலிருந்து அடியை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். அடியிலிருந்து ஆரம்பித்தால் பூனை கடிக்கும். தவறு அதனுடையது அல்ல.

அதைவிடப் பெரியது, தோலை ஒட்டி இறுகியது என்றால் அந்த இடத்தை மட்டும் மழிப்பதே இரக்கம். இறுகிய சிக்கு, பூனை எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடிக்கும் தோலை இழுக்கும். அதன் அடியில் ஈரம் தேங்கிப் புண்ணாகும், தெள்ளுப்பூச்சியும் ஒளிந்துகொள்ளும். மொட்டை அவசியமாகிற சந்தர்ப்பம் இதுதான். பின்புறத்தில் மலம் ஒட்டுகிற பூனைக்கு அங்கு மட்டும் குட்டையாக வெட்டுவதும் நியாயம்.

கேள்வி: வீட்டில் தாடி ட்ரிம்மர் இருக்கிறது, போதுமா? எப்படிப் பிடிப்பது?

பதில்: போதாது. அடர்ந்த முடியில் அது சிக்கி இழுக்கும். விலங்குகளுக்கான, சத்தம் குறைந்த கிளிப்பரும் 10ஆம் எண் பிளேடும் வாங்குங்கள். அது சுமார் 1.5 மில்லிமீட்டர் முடியை விட்டுவைக்கும். 40ஆம் எண் அறுவை சிகிச்சைக்கானது, வீட்டில் அதற்கு வேலையில்லை.

ஒரு கையால் தோலை இழுத்துத் தட்டையாக்கி, பிளேடைத் தோலோடு படுக்கவைத்து, முடி வளரும் திசையிலேயே நகர்த்துங்கள். நுனியைக் குத்தலாகச் சாய்த்தால் வெட்டும். சிக்கின் நடுவில் பாயாமல், அதற்கும் தோலுக்கும் இடையே மெல்ல நுழைய வேண்டும். அதிகம் காயம் படுகிற இடங்கள் அக்குள், தொடைக்கு முன்னால் தொங்கும் தோல் மடிப்பு, மடிக்காம்பு. காம்பு ஆண் பூனைக்கும் உண்டு, பலர் மறந்துவிடுகிறார்கள். மீசையைத் தொடவே கூடாது.

ஓடிக்கொண்டிருக்கும் பிளேடு சூடாகும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். பத்து நிமிடத்துக்கு மேல் நீட்டாமல் மீதியை மறுநாள் பார்க்கலாம்.

பூனை திமிறினாலோ, முதுகு முழுக்கச் சிக்கு பாயாகப் பின்னியிருந்தாலோ மருத்துவரிடம் விடுங்கள். மயக்கம் கொடுத்து எடுப்பார். மனிதருக்கான தூக்க மாத்திரையையோ வலி மாத்திரையையோ நீங்களாகக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்.

கேள்வி: வீட்டில் ஒருவருக்குப் பூனை அலர்ஜி. முடி போனால் தும்மல் போகுமா?

பதில்: போகாது. காரணம் முடி அல்ல, எச்சிலிலும் தோல் சுரப்பிலும் உள்ள புரதம். மொட்டைப் பூனையும் நக்கிக்கொண்டுதான் இருக்கும்.

கேள்வி: அறுவை சிகிச்சைக்காக வயிற்றில் மழித்த இடத்தில் எங்கள் சயாமீஸ் பூனைக்குக் கருப்பாக முடி முளைக்கிறது. ஏதாவது வியாதியா?

பதில்: இல்லை. இந்த இனத்துக்கு நிறத்தை உண்டாக்கும் நொதி குளிர்ந்த தோலில்தான் சரியாக வேலை செய்யும். முகம், காது, கால், வால் கருமையாக இருப்பதும் அதனால்தான். மழித்த இடம் குளிர்ந்ததால் அங்கும் கருப்பு வந்திருக்கிறது. அடுத்த முறை முடி உதிர்ந்து முளைக்கும்போது பழைய நிறம் திரும்பும். நீள முடி இனம் என்றால் பழைய நீளம் வர ஆறு மாதம்கூட ஆகலாம்.

கேள்வி: 12 வயதுப் பூனை. இதுவரை சுத்தமாக இருந்தது, இப்போது இடுப்புக்கு மேல் மட்டும் சிக்கு. ஒரேயடியாக வழித்துவிடலாமா?

பதில்: வழிப்பதற்கு முன் அது ஏன் அங்கே நக்குவதில்லை என்று பாருங்கள். இடுப்பு மூட்டு வாதம், உடல் பருமன், பல் வலி ஆகியவை முதல் சந்தேகங்கள். தாவி ஏறுவதைக் குறைத்திருக்கிறதா, ஒரு பக்கமாகவே மெல்லுகிறதா, எடை மாறியிருக்கிறதா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். மயக்கம் கொடுக்க வேண்டியிருந்தால் இந்த வயதில் முதலில் ரத்தப் பரிசோதனை செய்து சிறுநீரகத்தைப் பார்ப்பார். அதே மயக்கத்திலேயே சிக்கையும் எடுத்து, வாயையும் பார்த்துவிடச் சொல்லிக் கேளுங்கள்.