ஆசிரியர் ஓய்வூதியப் பணத்துக்கு யார் பொறுப்பு?

கேள்வி: ஒன்ராறியோ ஆசிரியர் ஓய்வூதிய வாரியம் எஃப்.டி.எக்ஸ் என்ற கிரிப்டோ நாணயச் சந்தையில் 95 மில்லியன் அமெரிக்க டொலரைப் போட்டு, 2022 இல் முழுவதையும் இழந்தது. இப்படிப்பட்ட வாரியத்தைக் கலைத்துவிட்டு ஆசிரியர்களின் பணத்தை மாகாண அரசே நேரடியாக நிர்வகித்தால் என்ன?
– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஸ்காபரோ

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் நீங்கள் சொல்லும் மருந்தை ஒன்ராறியோ ஏற்கெனவே பல பத்தாண்டுகள் குடித்துப் பார்த்துவிட்டது.

1917 இல் தொடங்கிய இந்த ஓய்வூதியத் திட்டம் 1989 இன் இறுதிவரை அரசு ஆணையம் ஒன்றின் கீழேயே இருந்தது. ஆசிரியர்கள் மாதந்தோறும் சம்பளத்திலிருந்து செலுத்திய பணம், சந்தையில் விற்க முடியாத மாகாண அரசின் கடன் பத்திரங்களில் முடங்கிக் கிடந்தது. பணத்தைக் காக்க வேண்டிய அரசே அந்தப் பணத்தைக் கடனாக வாங்கியது. கிடைக்கும் வட்டி போதுமா, வேறிடத்தில் முதலிட்டால் கூடுதலாகக் கிடைக்குமா என்று ஆசிரியர்களின் சார்பில் கேட்க வேண்டிய நாற்காலியில் கடனாளியே உட்கார்ந்திருந்தார். 1990 இல் சுயாதீன வாரியம் பொறுப்பேற்றபோது திட்டத்தில் 7.8 பில்லியன் டொலர் பற்றாக்குறை இருந்தது. அதை அடைக்கும் சுமை அரசின் மீது, அதாவது வரி செலுத்துவோர் மீது விழுந்தது. நீங்கள் குறிப்பிடும் 95 மில்லியன், வாரியத்தின் மொத்தச் சொத்தில் ஏறக்குறைய ஈராயிரத்தில் ஒரு பங்கு. இழப்பைச் சிறிதாக்கிக் காட்ட இதைச் சொல்லவில்லை. எதற்குப் பதிலாக எதைக் கேட்கிறீர்கள் என்பது தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அன்றைய சீர்திருத்தத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது பங்குச் சந்தைக்குள் நுழைந்தது அல்ல, நியமன முறைதான். வாரியத்தில் பதினொரு பேர்: ஐவரை ஒன்ராறியோ ஆசிரியர் கூட்டமைப்பும் ஐவரை மாகாண அரசும் நியமிக்கின்றன; தலைவரை இரு தரப்பும் சேர்ந்து தேர்ந்தெடுக்கின்றன. கனடா மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர் ஜெரால்ட் பூவி முதல் தலைவரானார். யார் நியமித்தாலும் உறுப்பினர் காக்க வேண்டியது ஓய்வூதியம் பெறுவோரின் நலனை; நியமித்தவரின் குரலாக அவர் பேச முடியாது. சந்தா எவ்வளவு, ஓய்வூதியம் எவ்வளவு என்பதைக் கூட்டமைப்பும் அரசும் முடிவு செய்கின்றன, முதலீட்டை வாரியம் பார்த்துக்கொள்கிறது. பற்றாக்குறை வந்தால் இரு தரப்பும் சரிபாதியாகச் சுமக்க வேண்டும். 2009 க்குப் பிந்திய பணிக்காலத்துக்கான ஓய்வூதியத்தில் விலைவாசிக்கேற்ற உயர்வு முழுமையாகக் கிடைப்பதும் நிதியின் நிலையைப் பொறுத்ததே. நட்டத்தைத் தாங்குகிறவர்களுக்கே நியமிக்கும் உரிமையும் இருப்பதால், அரசோ ஆசிரியர்களோ தனியே இந்த நிதியைத் தம் பக்கம் இழுத்துக்கொள்ள முடியவில்லை.

அப்படியானால் ஆசிரியர்கள் வாரியத்தில் இருந்தால் போதும் என்று வேறொருவர் வாதிடலாம். அதுவும் போதாது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பள்ளி ஊழியர் ஓய்வூதிய அமைப்பின் வாரியத்தில் பதினைந்து பேர் உள்ளனர். ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்தவர்களும், மாநிலக் கருவூலரும், சட்டமன்ற உறுப்பினர்களும் அதில் இருக்கிறார்கள். அங்கே முதலீட்டின் ஒன்பது ஆண்டுச் சராசரி வருவாய் 6.36 சதவீதத்துக்குக் கீழே போனால், 2011 க்குப் பிறகு பணியில் சேர்ந்தவர்களின் சந்தா உயரும் என்பது 2020 இல் பொருந்திய விதி. 2020 டிசம்பரில் வருவாய் 6.38 சதவீதம் என்று வாரியம் சான்றளித்தது. சில மாதங்களில் கணக்கு பிழை என்று தெரிந்து, எண் 6.34 ஆகத் திருத்தப்பட்டது. 2021 ஜூலை முதல் ஏறக்குறைய ஓர் இலட்சம் ஊழியர்களின் சந்தா உயர்ந்தது. தவறு எப்படி நடந்தது என்பதைவிட என்னை அதிகம் வருத்தியது அடுத்து நடந்ததுதான். வாரிய உறுப்பினரான மாநிலச் செனட்டர் கேட்டி மத், தாம் அமர்ந்திருந்த வாரியத்தின் ஆவணங்களைப் பார்ப்பதற்கே நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. இது பற்றிய கூட்டாட்சி நீதித் துறையின் குற்ற விசாரணை 2022 இல் குற்றச்சாட்டு எதுவுமின்றி முடிந்தது. ஆனாலும் அந்தச் சந்தாவைச் செலுத்தும் ஓர் இளம் ஆசிரியைக்கு அது என்ன ஆறுதல்? கோப்பைத் திறந்து பார்க்கும் உரிமை இல்லாதவர், எத்தனை ஆயிரம் வாக்குகள் பெற்று வந்தாலும், கையெழுத்திடுவதற்கு மட்டுமே அங்கே இருக்கிறார்.

ஆகவே உங்கள் கோபத்தை வாரியத்தைக் கலைப்பதில் செலவிடாதீர்கள். எஃப்.டி.எக்ஸ் முதலீடு ஒரே நாளில் நடந்ததல்ல: 2021 அக்டோபரில் 75 மில்லியன், மூன்று மாதம் கழித்து 2022 ஜனவரியில் மேலும் 20 மில்லியன். இரண்டாவது தவணைக்கு முன் அந்த நிறுவனத்தின் கணக்கைச் சரிபார்த்தவர் யார், வாடிக்கையாளர் பணம் தனியே வைக்கப்பட்டிருக்கிறதா என்று எவராவது கேட்டாரா, அந்தக் கேள்வி எழுத்தில் இருக்கிறதா? வாரியம் ஆண்டுதோறும் உறுப்பினர்களுக்குப் பொதுக்கூட்டம் நடத்துகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் என்ற முறையில் அங்கே நீங்கள் கேட்க வேண்டியது இதைத்தான். பதில் கிடைக்காவிட்டால், அந்த ஐவரை நியமிக்கும் உங்கள் கூட்டமைப்பிடம் எழுத்தில் கேளுங்கள்.