கோத்த பிறகும் நழுவும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: வாசகர் கேள்வி-பதில்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைத் தாமே பிரித்துக் கோத்துவிட்டு, வண்டி இழுக்கவில்லை என்று எழுதுகிறவர்கள் நம் பகுதியில் பலர் இருக்கிறார்கள். லேத்துப் பட்டறையும் மோட்டார் பம்பும் அன்றாடப் பேச்சாக உள்ள கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரத்தில் அது இயல்புதான். கைத்திறனில் யாருக்கும் குறைவில்லை. ஆனால் நழுவிய, அதாவது எஞ்சின் சுழன்றும் இழுவை சக்கரத்துக்குப் போகாத, பெட்டியைத் திறந்ததும் கருகிய கிளட்ச் பிளேட் கண்ணில் படுகிறது. உடனே புதிய பிளேட் செட் வாங்கிப் போட்டு மூடிவிடுகிறார்கள். பிளேட்டுகளை நெருக்கிப் பிடிப்பது ஆயில் அழுத்தம். அந்த அழுத்தம் எங்கே வீணாகிறது என்று கண்டுபிடிக்காமல் மூடினால், புதிய பிளேட்டும் விரைவிலேயே கருகும். இந்த முறை தேர்ந்தெடுத்த கேள்விகளில் பெரும்பாலானவை அந்தத் தேடலைச் சார்ந்தவை.

கேள்வி: நான்கு வேக கியர்பாக்ஸ். பிளேட், சீல், கேஸ்கெட் எல்லாம் புதிது. ரிவர்ஸ் நன்றாகப் பிடிக்கிறது. 'டி'யில் (டிரைவ், முன்னோக்கி ஓட்டும் நிலை) போட்டால் எஞ்சின் மட்டும் உறுமுகிறது, வண்டி நகர மறுக்கிறது. மறுபடியும் இறக்கத்தான் வேண்டுமா, ஐயா?
(வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: இறக்குவதற்கு முன் ஆயில் அளவை ஒழுங்காகப் பாருங்கள். காலியான பெட்டியில் ஊற்றும் ஆயிலில் பெரும்பகுதியை, எஞ்சினின் வலுவை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வாங்கிக்கொள்ளும் என்பதால், எஞ்சின் நின்றிருக்கும்போது டிப்ஸ்டிக் காட்டும் அளவு பொய்யானது. எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை அழுத்தியபடி லீவரை எல்லா நிலைகளுக்கும் மெதுவாகக் கொண்டுபோய், 'பி'க்கு (பார்க்) திரும்பி, ஆயில் சூடானபின் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். ஹோண்டா கார்களில் மட்டும் முறை வேறு: சூடான எஞ்சினை நிறுத்தி, 60 முதல் 90 வினாடிக்குள் பார்ப்பது. அளவு கூடினாலும் நழுவும்; சுழலும் கியர்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிட, பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து இழுக்கும்.

அளவு சரியாக இருந்தால், லீவரை 'எல்' (லோ, முதல் கியர்) நிலையில் வைத்து வண்டியை நகர்த்திப் பாருங்கள். பிளானட்டரி கியர் கொண்ட பெரும்பாலான பெட்டிகளில், 'டி'யின் முதல் கியரை முன்னோக்குக் கிளட்ச்சோடு ஒருவழிக் கிளட்ச்சும் சேர்ந்து தாங்குகிறது. 'எல்' நிலையில் அந்த ஒருவழிக் கிளட்ச்சுக்குத் துணையாக லோ-ரிவர்ஸ் பிரேக்கும் பிடித்துக்கொள்கிறது. ஆகவே 'டி'யில் நகராத வண்டி 'எல்'லில் இழுத்துக்கொண்டு போனால், ஒருவழிக் கிளட்ச் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். வீட்டில் கோக்கும்போது நேரும் தவறுகளில் இது மிகவும் சாதாரணமானது, ஏனென்றால் அது இரு பக்கமும் ஒரே மாதிரி உட்காரும்.

'எல்'லிலும் நழுவினால் சந்தேகம் முன்னோக்குக் கிளட்ச்சின் மேல் விழும். ரிவர்ஸ் நன்றாகப் பிடிப்பதால் பம்பையும் ஃபில்டரையும் இப்போதைக்கு விட்டுவிடலாம். ரிவர்ஸுக்குப் பொதுவாகக் கூடுதல் அழுத்தம் தேவை, அதைப் பம்ப் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாயில் ஒரு கிளையில் மட்டும் ஓட்டை விழுந்தால் மோட்டாரைக் குறைசொல்ல மாட்டோம், இதுவும் அப்படித்தான். அந்தக் கிளையில் ஓட்டை விழக்கூடிய இடங்கள் மூன்று: டிரம்முக்குள் இறக்கும்போது மடிந்துபோன பிஸ்டன் சீலின் உதடு, தண்டின் மேல் உடைந்தோ காடி மாறியோ உட்கார்ந்த சீலிங் ரிங், பிஸ்டனிலோ டிரம்மிலோ உள்ள செக் பால் என்ற சிறு உருண்டை வால்வில் சிக்கிய தூசு.

எது என்று அறிய, ஆயிலை அந்தந்தக் கிளட்ச்சுக்குத் திருப்பிவிடும் வால்வ் பாடியைக் கழற்றி, கேஸில் (பெட்டியின் வெளிக்கூட்டில்) அந்தக் கிளட்ச்சுக்குப் போகும் துளையில் ரப்பர் முனையுள்ள காற்றுத் துப்பாக்கியால் சுமார் 40 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் காற்றைக் கொடுங்கள். பல பெட்டிகளில் வண்டியிலிருந்து இறக்காமலே இதைச் செய்ய முடியும். பிஸ்டன் நகரும் 'டொப்' என்ற சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும். ரிங் அருகில் மெல்லிய சீறல் இயல்பு. சத்தமே இல்லாமல் காற்று பீறிட்டால் நீங்கள் தேடிய இடம் அதுவே. எந்தத் துளை எந்தக் கிளட்ச்சுக்கு என்பதை அந்த மாடலின் சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். இந்தக் காற்றுச் சோதனையைப் பெட்டியை மூடும் முன்பே ஒவ்வொரு கிளட்ச்சுக்கும் செய்துவிட வேண்டும் என்பதை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும்.

கேள்வி: சமவெளியில் ஒரு குறையும் இல்லை. ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறும்போது பாதிக் கொண்டை ஊசி வளைவுகளைக் கடப்பதற்குள் எல்லாக் கியரிலும் நழுவுகிறது. நிறுத்தி இளைப்பாறவிட்டால் மறுபடியும் ஏறுகிறது. பிளேட் புதிது. ஸ்டால் டெஸ்ட் செய்து பார்க்கலாமா?
(வாசகர், பொள்ளாச்சி)

பதில்: அந்த 40 வளைவுகளும் கியர்பாக்ஸுக்குக் கடுமையான தேர்வு. குறைந்த வேகம், அதிக இழுவை, காற்றோட்டம் குறைவு. கன்வெர்ட்டரில் உண்டாகும் வெப்பம் முழுவதும் ஆயிலில் சேருகிறது. சூடேறிய ஆயில் நீர்த்துப்போவதால், குளிர்ந்த நிலையில் தெரியாமல் இருந்த உட்கசிவு அப்போது வெளிப்படும். எல்லாக் கியரிலும் நழுவுவதால் ஒரு தனிக் கிளட்ச்சைத் தேடுவதில் பொருளில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவான ஃபில்டர், பம்ப், அழுத்த ஒழுங்கு வால்வு ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

நிறுத்திச் சில நிமிடம் கழித்து மறுபடியும் இழுக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பது மிக முக்கியமான குறிப்பு. அடைபட்ட ஃபில்டரின் குணம் அது: ஓடும்போது தூள் ஃபில்டரில் ஒட்டி வழியை மறைக்கும், நின்றதும் உதிர்ந்து வழிவிடும். நழுவும் நேரத்தில் பம்பிலிருந்து 'ஙொய்' என்ற இரைச்சல் எழுந்தால் சந்தேகம் வலுக்கும். புதிய ஃபில்டர் போட்டிருந்தாலும் அது அடைபடலாம். பழைய பிளேட்டுகளின் தூள் கன்வெர்ட்டருக்குள்ளும் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலருக்குள்ளும் தங்கியிருக்கும்; பெட்டியை மட்டும் கழுவிக் கோத்தால் அந்தத் தூள் திரும்பி வந்துவிடும். கன்வெர்ட்டரை வீட்டில் முழுமையாகக் கழுவ இயலாது. வெட்டிப் பிரித்துச் சுத்தம் செய்து, திரும்ப வெல்டிங் வைத்து, பேலன்ஸும் பார்த்துத் தரும் இடத்தில் கொடுங்கள், இல்லையெனில் மாற்றிவிடுங்கள். கூலரை இரு திசையிலும் கழுவியபின், அதிலிருந்து திரும்பி வரும் குழாயைக் கழற்றிப் பாத்திரத்தில் விட்டு, ஐட்லிங்கில் ஓடவிட்டுப் பாருங்கள். சுமார் அரை நிமிடத்துக்குள் ஒரு லிட்டர் அளவுக்கு ஆயில் வந்தால் கூலர் வழி திறந்திருக்கிறது என்று கொள்ளலாம். அவ்வளவுக்குள் நிறுத்திவிடுங்கள், பம்ப் உலர்ந்துவிடக் கூடாது. வெளியேறிய அளவை உடனே நிரப்புங்கள்.

ஃபில்டரைக் கழற்றும்போது அதன் கழுத்தில் உள்ள ஓ-ரிங்கையும் கவனியுங்கள். பழைய ரிங் கேஸுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்க அதன்மேல் புதியதைச் செருகினால், ஃபில்டர் நேராக உட்காராமல் காற்றை இழுக்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் ஒரே தீர்ப்பு, பிரஷர் கேஜ். 400 பி.எஸ்.ஐ. வரை காட்டும் ஹைட்ராலிக் கேஜைக் கேஸில் உள்ள சோதனைத் துளையில் மாட்டி, குளிர்ந்த நிலையிலும் நன்றாகச் சூடேறிய பிறகும் 'டி', 'ஆர்' இரண்டிலும் அளவெடுத்து, சர்வீஸ் புத்தகத்தின் எண்ணோடு ஒப்பிடுங்கள். சூட்டில் மட்டும் எண் விழுந்தால் பம்பின் தேய்மானத்தையோ உட்கசிவையோ தேடலாம். பம்ப் முகத்தின் சமதளத்தை ஸ்ட்ரெய்ட் எட்ஜும் ஃபீலர் கேஜும் கொண்டு பார்ப்பது நம்மூர் லேத்துக்காரர்களுக்குக் கைவந்த வேலை. ஆனால் எண் தெரியாமல் எதையும் கடைந்துவிடச் சொல்லாதீர்கள்.

ஸ்டால் டெஸ்ட், அதாவது பிரேக்கில் வண்டியை நிறுத்திப் பிடித்துக் கியரில் போட்டு, ஆக்சிலரேட்டரை மிதித்து எஞ்சின் வேகத்தைப் பார்க்கும் சோதனை, செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்னால் யாரும் நிற்காமல், பிரேக்கை முழுதாக அழுத்தி, 5 வினாடிக்கு மேல் போகாமல் செய்யலாம். ஆனால் ஏற்கெனவே நழுவும் பெட்டியில் அந்த 5 வினாடியும் பிளேட்டின் ஆயுளைத் தின்னும். கேஜ் கையில் இருக்கும்போது நான் அதை விரும்புவதில்லை. மின்னணு த்ராட்டில் உள்ள புதிய கார்கள் பல, பிரேக் அழுத்தியிருக்கும்போது எஞ்சின் வேகத்தைத் தாமே கட்டுப்படுத்துவதால் அவற்றில் அது பொருளற்றது.

கேள்வி: கடையில் சிவப்பு ஆயில் எல்லாம் ஒன்றுதான் என்கிறார்கள். உண்மையா?
(வாசகி, திருப்பூர்)

பதில்: இல்லை, அம்மா. நிறம் வெறும் சாயம். டொயோட்டாவின் டி-4, டபிள்யூ.எஸ்., ஹூண்டாயின் எஸ்.பி.-3, ஹோண்டாவின் டி.டபிள்யூ.-1 ஆகியவை உராய்வுக் குணத்திலும் கெட்டித்தன்மையிலும் வேறுபட்டவை. வண்டியின் கையேட்டில் எழுதியதையே வாங்குங்கள். கியர்களுக்குப் பதில் பெல்ட்டால் இயங்கும் சி.வி.டி. பெட்டிக்குச் சாதாரண ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஊற்றுவது அந்தப் பெட்டியைக் கொல்வதற்குச் சமம்.

கேள்வி: பழைய கார். கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு கேபிள் போகிறது. கோத்த பிறகு கியர் சீக்கிரமே மாறுகிறது, மென்மையாக மாறுகிறது, ஆனால் ஆக்சிலரேட்டரை மிதித்தால் நழுவுகிறது.
(வாசகர், கரூர்)

பதில்: வண்டியை ஓட்டுவதை இப்போதே நிறுத்துங்கள். அந்த த்ராட்டில் கேபிள்தான் நீங்கள் எவ்வளவு மிதிக்கிறீர்கள் என்பதைப் பெட்டிக்குச் சொல்லி, அதற்கேற்ப அழுத்தத்தை உயர்த்தச் செய்கிறது. கேபிள் தளர்ந்திருந்தால் எஞ்சின் முழு வலுவில் இழுக்கும், கிளட்ச்சோ மெல்ல ஓட்டுவதற்கான அழுத்தத்தில் பிடிக்கும். புதிய பிளேட் கருக ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயணம் போதும். பல டொயோட்டா பெட்டிகளில், த்ராட்டில் முழுதாகத் திறந்திருக்கும்போது கேபிளின் நிறுத்தத்துக்கும் உறையின் முனைக்கும் இடையே 0 முதல் 1 மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்க வேண்டும். உங்கள் மாடலுக்கான அளவைப் பார்த்து, இருவர் சேர்ந்து, ஒருவர் பெடலை அழுத்த மற்றவர் அளந்து சரிசெய்யுங்கள்.

கேள்வி: ரிக் வண்டி வேலையில் அனுபவம் உண்டு; ஆட்டோமேட்டிக் இப்போதுதான் முதல் முறை. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது ஆர்.பி.எம். (எஞ்சின் வேகம்) ஒரு கணம் எகிறிப் பிறகு பிடிக்கிறது. மற்ற கியர்களில் குறையில்லை. கோக்கும்போது எதைத் தவறவிட்டிருப்பேன்?
(வாசகர், திருச்செங்கோடு)

பதில்: மற்ற கியர்கள் உறுதியாக இருப்பதால், மூன்றாம் கியருக்கான கிளட்ச் தாமதமாக நிறைகிறது என்று பொருள். வால்வ் பாடியிலிருந்து கீழே விழுந்த சிறு உருண்டைகளில் ஒன்று இடம் மாறியிருக்கலாம். கியர் மாற்றத்தை மென்மையாக்கும் அக்குமுலேட்டரின் ஸ்பிரிங்குகள் மாறியிருக்கலாம். ஒன்றுபோலவே தோன்றும் இரு கேஸ்கெட்டுகளில் தவறானது வைக்கப்பட்டிருக்கலாம். வால்வ் பாடி போல்ட்டுகளைக் கை உணர்வில் இறுக்குவது லாரி கியர்பாக்ஸில் செல்லும், இங்கே செல்லாது. பலவற்றுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவுதான், கூடினால் பாடி வளைந்து வால்வுகள் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து கிளட்ச் இடைவெளி. பிளேட்டுகளை வெளியே வராமல் பிடிக்கும் வளையமான சர்க்ளிப்புக்கும் மேல் பிளேட்டுக்கும் இடையே ஃபீலர் கேஜால் அளந்தீர்களா? ஒரு உராய்வு பிளேட்டுக்குக் கால் மில்லிமீட்டர் என்பது பட்டறைகளில் வழங்கும் தோராயக் கணக்கு. சரியான எண் புத்தகத்தில் இருக்கும். இடைவெளி கூடினால் பிஸ்டன் அதிக தூரம் நகர வேண்டியிருப்பதால் ஆர்.பி.எம். எகிறும். தடிமன் வேறுபட்ட சர்க்ளிப்புகளையும் மேல் பிளேட்டுகளையும் தயாரிப்பாளர்கள் விற்பது இதற்காகத்தான்.

கம்ப்யூட்டர் கட்டுப்பாடுள்ள வண்டியானால், பெட்டியைத் திறக்கும் முன் ஸ்கேனரால் பழைய கற்றல் மதிப்புகளை அழித்துவிட்டு, புத்தகம் சொல்லும் முறையில் ஓட்டிப் பாருங்கள். தேய்ந்த பிளேட்டுக்குக் கற்ற கணக்கைக் கம்ப்யூட்டர் புதிய பிளேட்டுக்கும் பயன்படுத்திக்கொண்டிருக்கும். சில வண்டிகளில் இதிலேயே குறை தீர்ந்துவிடும்.

அடுத்த முறைக்காகச் சில: சிறு பாகங்களை ஒட்டவைக்கச் சேஸிஸ் கிரீஸ் வேண்டாம், அது கரையாமல் வால்வுகளை அடைக்கும், வாசலின் ஆயிலில் கரைந்துவிடும். காட்டன் வேஸ்ட் பெட்டியின் பக்கமே வரக் கூடாது. புதிய பிளேட்டுகளைப் பெட்டிக்கு ஊற்றும் அதே ஆயிலில் ஊறவைத்தே கோக்க வேண்டும். கன்வெர்ட்டரைச் சுழற்றியபடி தள்ளி, அது படிப்படியாக முழுதும் உள்ளே இறங்கியதை அளந்து பார்த்த பிறகே கியர்பாக்ஸை எஞ்சினோடு சேருங்கள். போல்ட்டால் இழுத்துச் சேர்த்தால் பம்ப் உடையும்.

கேள்வி: டிப்ஸ்டிக்கில் ஆயில் ரோஸ்மில்க் போல வருகிறது. கோத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.
(வாசகர், பல்லடம்)

பதில்: ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகி, கூலன்ட் ஆயிலில் கலந்துவிட்டது. ரேடியேட்டருக்கு ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீரை ஊற்றுகிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள். நம் பகுதியில் இந்தக் குறைக்கு நான் முதலில் கேட்கும் கேள்வி அதுதான். உப்பும் சுண்ணாம்பும் நிறைந்த அந்தத் தண்ணீர் உலோகத்தை அரிக்கும். சிறுவாணித் தண்ணீர் கிடைத்தால்கூட அதைத் தனியாக ஊற்றாதீர்கள். கலந்து விற்கும் கூலன்ட்டையோ, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலன்ட்டையோ மட்டும் பயன்படுத்துங்கள்.

உறுதி செய்ய, கூலரின் இரு குழாய்களையும் கழற்றி, ஒன்றை அடைத்து, மற்றதில் காற்றைக் கொடுத்தால் ரேடியேட்டரின் வாயில் குமிழி வரும். இதில் வருத்தமான செய்தி, ஆயிலை மாற்றினால் மட்டும் போதாது என்பது. தண்ணீரும் கூலன்ட்டில் உள்ள கிளைக்கால் என்ற வேதிப்பொருளும் உராய்வுப் பட்டையை ஸ்டீலோடு ஒட்டியிருக்கும் பசையைத் தளர்த்திவிடும். ரேடியேட்டர், உராய்வு பிளேட்டுகள், கன்வெர்ட்டர் ஆகியவற்றை மாற்றும் செலவுக்கு மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனது காரில் கிளட்ச் பெடல் இல்லை, ஏ.எம்.டி. என்கிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போது கருகல் வாடையுடன் நழுவுகிறது. ஏ.டி.எஃப். மாற்றினால் சரியாகுமா?
(வாசகர், காரமடை)

பதில்: மாற்ற அதில் ஏ.டி.எஃப்.பே கிடையாது. ஏ.எம்.டி. என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸும் சாதாரண உலர் கிளட்ச் பிளேட்டும்தான். கிளட்ச்சை மிதிப்பதும் கியரை மாற்றுவதும் மட்டும் இயந்திரத்தின் வேலை. கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றி, ஸ்கேனரால் கிளட்ச் பிடிக்கும் புள்ளியைப் புதிதாகக் கற்பிக்கச் சொல்லுங்கள். மேட்டில் நெரிசலில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரால் வண்டியைத் தாங்கிப் பிடிக்காமல், பிரேக்கை மிதித்து நிறுத்துங்கள்.